அடுப்படியா, மூலிகைக் கடையா, பாமசியா: கச்சான் காற்று நாளில் தோலுக்கு எது?

போன கிழமை கல்முனையில் இருக்கும் என் பெறாமகள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மேசையில் மூன்று சாமான்கள்: அவளுடைய அம்மா அரைத்துக் கொடுத்த பயற்றம் மா, மரமஞ்சளும் சந்தனமும் படம் போட்ட ஒரு மூலிகைக் கிரீம், பாமசியில் வாங்கிய வஸலின் போத்தல். படத்துக்குக் கீழே, "சின்னம்மா, இதில எதைத் தொடர்ந்து பாவிக்க? மாசம் மூவாயிரத்துக்கு மேல என்னால ஏலாது" என்று எழுதியிருந்தாள்.

ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அன்றிரவு ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அப்போது சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். அவளுடைய கேள்வி எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் நிறையப் பேருடைய கேள்வி.

இந்தப் பேச்சு வந்தாலே ஆட்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் "இயற்கைதான் நல்லது", மற்றப் பக்கம் "டொக்டர் சொன்னதுதான் நல்லது". நான் பதினைந்து வருடமாக இரண்டையும் பாவித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு உதவிய பிரிவு வேறு. ஒரு சாமானில் தண்ணீர் இருக்கிறதா, அதை எத்தனை நாள் வைத்திருக்கப் போகிறோம் என்ற இரண்டு கேள்விகள்தான் அது. உலர்ந்த மாவும் சுத்தமான எண்ணெயும் வீட்டில் செய்து மாதக்கணக்கில் வைக்கலாம். ஈரமானதை வீட்டில் செய்தால் அன்றைக்கே பூசி முடிக்க வேண்டும். ஈரமாகவும் இருக்க வேண்டும், நாளும் தாங்க வேண்டும் என்றால் அதைக் கடையில்தான் வாங்க வேண்டும். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் காற்றும் தண்ணீரும்

எந்தக் கிரீம் என்று கேட்பதற்கு முன் எந்த மாதம் என்று கேட்க வேண்டிய ஊர் எங்களுடையது. வைகாசி பிறந்தால் கச்சான் காற்று தொடங்கிவிடும். தென்மேல் பருவக்காற்று தன்னிடமுள்ள மழையை மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறிக் காய்ந்துபோய் வருகிறது. படுவான்கரை வயல்வெளியைத் தாண்டி வாவிக்கு மேலாக அது வீசும்போது முகத்தில் அடுப்பு வெக்கை அடிப்பதுபோல இருக்கும். அந்த மாதங்களில் உதடு வெடிக்கும், மூக்கோரம் செதில் எழும்பும், காலில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும்.

கார்த்திகையில் மழை இறங்கினால் கதை தலைகீழ். கொடியில் போட்ட உடுப்பு இரண்டு நாளாகியும் காயாது. கழுத்திலும் முதுகிலும் வியர்வை தங்கும், தேமல் வரும். தேமலை உண்டாக்கும் பூஞ்சை எங்கள் தோலில் எப்போதும் இருக்கிற ஒன்றுதான். அது தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு வளர்வது. ஆகவே மழைக் காலத்தில் தேமலுக்கு மேல் தேங்காய் எண்ணெய் பூசுவது அதற்குச் சோறு போடுகிற வேலை. கச்சான் மாதத்தில் உயிர் கொடுத்த அதே எண்ணெய் மார்கழியில் கெடுதலாகிறது. இதைச் சொல்லாமல் "தேங்காய் எண்ணெய் நல்லதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

அப்புறம் தண்ணீர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் பல வீட்டுக் கிணறுகள் வன்னீர்தான். சவர்க்காரம் போட்டால் நுரைக்கப் பஞ்சிப்படும். அந்தத் தண்ணீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. குளித்து வந்தபின் தோல் இழுப்பதுபோல இருக்கிறதல்லவா, அதற்குப் பாதிக் காரணம் அதுதான். மற்றப் பாதி சவர்க்காரத்தின் காரத்தன்மை. எங்கள் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம், பி.எச் என்ற அளவில் 5ஐ ஒட்டியது (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சாதாரணச் சவர்க்காரம் 9, 10 என்று நிற்கும். அதனால் நான் எந்தக் கிரீமுக்கும் காசு செலவழிக்குமுன் எல்லோருக்கும் சொல்வது ஒன்று: முகத்துக்குச் சவர்க்காரத்தை நிறுத்திப் பாருங்கள், இரண்டு கிழமைக்கு. கக்கம், கால், முதுகு போதும். செலவில்லாத மாற்றம் இது. பலருக்கு இதோடேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுப்படிச் சாமான்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன். இதில்தான் சுகம் இருக்கிறது. தோல் பராமரிப்பைப் பல் துலக்குவதுபோல ஒரு கடமையாக மட்டும் பார்த்தால் யாரும் மூன்று கிழமைக்கு மேல் செய்யமாட்டார்கள். எங்கள் வீட்டில் அது சனிக்கிழமைப் பின்னேரம். நாலரை மணிக்கு வெயில் சாய்ந்ததும் அம்மா கிணற்றடியில் பலகையைப் போட்டு உட்காருவார். தங்கச்சி தயிர்ச் சட்டியோடு வருவாள். கடற்கரைப் பக்கத்துக் காற்று வேலிக்கு மேலால் வரும். யாருடைய முகத்தில் யார் பூசுவது என்று ஒரு சண்டை நடக்கும். அந்த முக்கால் மணித்தியாலத்தில் யாரும் கைபேசியைத் தொடமாட்டார்கள், கையெல்லாம் மாவாக இருக்கும்.

அடிப்படைச் சாமான் பயற்றம் மா. பச்சைப் பயற்றை வெயிலில் நன்றாகக் காயவைத்து, வறுக்காமல் அரைத்து, மெல்லிய துணியில் அரிக்க வேண்டும். அரிக்காத மா முகத்தைக் கீறும். இரண்டு தேக்கரண்டி மாவைத் தண்ணீரில் குழைத்து, தேய்க்காமல் விரல் நுனியால் உருட்டிக் கழுவினால் எண்ணெய்ப் பசையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும், தோலை வறளவைக்காது. வன்னீரிலும் வெள்ளைப் படிவு வராது, அதில் சவர்க்காரம் இல்லையே. ஈரம் படாத போத்தலில் இரண்டு மூன்று மாதம் நிற்கும். பூச்சி பிடிக்காமல் ஒரு காய்ந்த வேப்பிலைக் கொத்தைப் போட்டு வைப்பது அம்மாவின் வழக்கம். பெறாமகளின் மேசையில் இருந்த மூன்றில் நான் முதலில் "இதை விடாதே" என்று சொன்னது இதைத்தான்.

தயிர் இரண்டாவது. எங்கள் பக்கத்து எருமைத் தயிருக்கு ஈடு இல்லை. எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதத்துக்குக் குறையாது, பசும்பாலில் 4 வீதம் அளவில்தான். அந்தக் கொழுப்பு வறண்ட தோலுக்கு இதமாக இருக்கும். தயிரிலுள்ள இலக்ரிக் அமிலம் இறந்த தோலை மெதுவாகக் கழற்றும். ஒரு மேசைக்கரண்டி தயிரில் ஒரு தேக்கரண்டி பயற்றம் மா, பத்து நிமிடம். காய்ந்து வெடிக்கும்வரை வைத்திருக்கக் கூடாது. வெடிக்கும்போது தோலின் ஈரத்தையும் அது இழுத்துக்கொண்டுதான் வெடிக்கிறது. பூச்சு இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். எண்ணெய் வழிகிற முகம் என்றால் தயிரின் மேலாடையை எடுத்து அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, அடியில் உள்ளதைப் பூசலாம்.

மஞ்சளில் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. மஞ்சள் கெட்டது என்பதல்ல, கிடைக்கிற தூளை நம்ப முடியாது. 2020இல் இறக்குமதி நின்று மஞ்சளின் விலை ஏறியபோது எத்தனை விதமான மஞ்சள் நிறத் தூள்கள் கடைக்கு வந்தன என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வங்காளதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேற் என்ற நஞ்சைக் கலந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆகவே மஞ்சள் வேண்டுமென்றால் கிழங்காக வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை போதும். கறி மஞ்சள் முகத்திலும் வெள்ளைச் சட்டைக் கழுத்திலும் கறை விடும், கஸ்தூரி மஞ்சள் அவ்வளவு விடாது. அலுவலகம் போகிற பிள்ளைக்கு அது முக்கியம்.

கற்றாழையைச் சரியாக வெட்டத் தெரியாமல் நிறையப் பேர் அரிப்பெடுத்துக்கொள்கிறார்கள். மடலை வெட்டியவுடன் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் பால் வடியும். அரிப்பைத் தருவது அதுதான். வெட்டிய முனையைக் கீழே பார்க்க வைத்துக் கால் மணித்தியாலம் ஒரு கோப்பையில் நிறுத்திவிட்டு, பிறகு கழுவி, தோலைச் சீவி உள்ளே உள்ள தெளிந்த சதையை மட்டும் எடுக்க வேண்டும். வெயிலில் காய்ந்து வந்த அன்று இதைக் குளிரவைத்துப் பூசுவதைப்போல ஒரு சுகம் வேறில்லை.

எண்ணெயில் இரண்டு பக்கம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது என்பது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. 2004இல் பிலிப்பைன்ஸில் அதைக் கனிம எண்ணெயோடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், இரண்டுமே வறட்சியை ஒரே அளவுக்குக் குறைத்தன. குளித்துத் துடைக்குமுன், தோல் ஈரமாக இருக்கும்போது கைகாலில் பூச வேண்டும். அப்போதுதான் அந்த ஈரத்தை அது உள்ளே பூட்டி வைக்கும். முகத்துக்கு மட்டும் வேண்டாம் என்பேன். பரு வருகிற முகத்தில் தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைக்கும். முகத்துக்கு எண்ணெய் வேண்டியவர்கள் நல்லெண்ணெயைக் கொஞ்சமாகப் பூசிப் பார்க்கலாம். அது இலகுவானது.

இப்போது என்னுடைய இரண்டு பிழைகள். பத்தொன்பது வயதில், முகக்கறை போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தேசிக்காய்ப் புளியைப் பூசிக்கொண்டு, சரியாகக் கழுவாமல் மத்தியானம் கல்லடிப் பாலத்தால் நடந்து போனேன். இரண்டு நாளில் கன்னத்திலும் கழுத்திலும் சாறு வழிந்த இடமெல்லாம் மண்ணிறக் கோடு. அது போக நாலு மாதம் எடுத்தது. தேசிக்காயில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேரும்போது தோலைச் சுடுகிறது என்று பிறகு ஒரு வைத்தியர் விளக்கினார். அதன் புளிப்பும் பி.எச் 2ஐ ஒட்டியது, தோலுக்குத் தேவையானதைவிட எத்தனையோ மடங்கு அமிலம். தேசிக்காய் சோற்றுக்கும் தண்ணீருக்கும்தான். அதேபோல அப்பச் சோடாவும் முகத்துக்கு வேண்டாம், அது மற்றப் பக்கத்துக் கோணல்.

இரண்டாவது பிழை, கற்றாழைச் சதையைப் பன்னீரோடு அடித்துப் போத்தலில் ஊற்றி எட்டு நாள் பாவித்தது. மணம் மாறவில்லை, நிறம் மாறவில்லை. ஆனால் தாடை முழுக்கச் சீழ்க் கட்டிகள். தண்ணீர் உள்ள எதிலும் கிருமி வளரும், அது கண்ணுக்குத் தெரிய வரும்போது ஏற்கனவே கோடிக்கணக்கில் இருக்கும். அன்றிலிருந்து ஈரமானது எதையும் நான் மறுநாளுக்கு வைப்பதில்லை. மிஞ்சினால் கால் கையில் பூசி முடித்துவிடுவேன்.

தேய்க்கிற சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. சீனியும் கோப்பித் தூளும் முழங்கைக்கும் குதிக்காலுக்கும் நல்லது. முகத்துக்கு வேண்டாம்.

கடையில் உள்ள மூலிகைப் பொருள்

"இயற்கை" என்று பெட்டியில் எழுதுவதற்கு இன்னின்னது இவ்வளவு இருக்க வேண்டும் என்ற ஒரே அளவுகோல் உலகத்தில் இல்லை. ஆகவே முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை அளவு கூடியதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக எழுதுவது வழக்கம். முதலில் தண்ணீர் இருக்கும், அது இயல்பு. பார்க்க வேண்டியது நீங்கள் ஆசைப்பட்டு வாங்குகிற மூலிகை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதைத்தான். பெயர்கள் இலத்தீனில் இருக்கும்: தேங்காய் எண்ணெய் கோகோஸ் நுசிஃபெரா, மஞ்சள் குர்குமா லொங்கா, சந்தனம் சந்தாலும் அல்பம், வேம்பு அசாடிரக்டா இண்டிகா, மரமஞ்சள் கொசினியம் ஃபெனஸ்ட்ரேட்டம்.

ஒரு நல்ல குறிப்பு இருக்கிறது. பினொக்சிஎதனோல் என்ற பதப்படுத்தும் பொருள் நிறையக் கிரீம்களில் உண்டு. ஐரோப்பிய விதிப்படி அதை 1 வீதத்துக்கு மேல் போட முடியாது, மற்ற நாட்டுத் தயாரிப்பாளர்களும் பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான் நிற்பார்கள். ஆகவே வரிசையில் அதற்குப் பிறகு எழுதியிருப்பதெல்லாம் 1 வீதத்துக்கும் குறைவாக இருக்கத்தான் வாய்ப்பு. பெறாமகள் தன்னுடைய மூலிகைக் கிரீமைத் திருப்பி வாசித்தாள். மரமஞ்சளும் சந்தனமும் அதற்குப் பின்னால், வாசனைக்கும் பின்னால் நின்றன. முன்னால் நின்றவை தண்ணீர், கிளிசரின், கனிம எண்ணெய். மோசமான கிரீம் என்று சொல்ல முடியாது, ஈரப்பதம் தரத்தான் செய்யும். ஆனால் அவள் சந்தனத்துக்கு என்று நினைத்துக் கொடுத்த காசு கிளிசரினுக்குப் போயிருக்கிறது.

பதப்படுத்தும் பொருளைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு என் கற்றாழைக் கதையைத்தான் திரும்பச் சொல்வேன். எங்கள் வெக்கையில், ஈரக் கை போகிற டப்பாவில், அது இல்லாத தண்ணீர்க் கிரீம் ஒரு வருடம் எப்படிக் கெடாமல் இருக்கும்? "எந்த இரசாயனமும் இல்லை, மூன்று வருடம் தாங்கும்" என்று யாராவது சொன்னால் அந்த இரண்டில் ஒன்று பொய்.

வாசனையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். தோல் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகிறவற்றில் வாசனைப் பொருள்கள் முன்வரிசையில் நிற்கின்றன. பூவிலிருந்தும் பட்டையிலிருந்தும் எடுத்த வாசனை எண்ணெய்களும் அதில் அடக்கம். கருவா எண்ணெயைச் சும்மா ஒரு துளி தோலில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே எது வாங்கினாலும் முழங்கை மடிப்பில் காசளவு பூசி இரண்டு நாள் பாருங்கள். வீட்டில் அரைத்ததுக்கும் இதே சட்டம்தான்.

சவர்க்காரத்தில் மட்டும் எனக்கு உள்ளூர்ப் பொருளில் பற்று உண்டு. வேம்புச் சவர்க்காரமும் சந்தனச் சவர்க்காரமும் எங்கள் வீட்டில் தலைமுறையாக இருக்கின்றன, விலையும் தாங்கும். பெட்டியில் எஸ்.எல்.எஸ் என்ற எழுத்தைக் கண்டு சிலர் குழம்புகிறார்கள். முத்திரையாக இருந்தால் அது இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தரச் சான்று, நல்லது. சேர்மானப் பட்டியலில் இருந்தால் சோடியம் லோரில் சல்பேற் என்ற நுரைக்கும் பொருள், வறண்ட தோலுக்கு அது கொஞ்சம் கடுமை. கிராமங்களில் பெண்கள் சேர்ந்து தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் செய்து விற்கிறார்கள். அதை வாங்குவதில் எனக்குத் தனிச் சந்தோஷம். வாங்கும்போது "எப்ப வார்த்தது?" என்று மட்டும் கேளுங்கள். காய்ச்சாமல் வார்த்த சவர்க்காரம் நாலு தொடக்கம் ஆறு கிழமை காயவேண்டும். நன்றாகச் செய்கிறவருக்கு அந்தத் திகதி மனப்பாடமாக இருக்கும்.

இன்னொன்று, மருதோன்றி. பெருநாள், கலியாணம் என்றால் எங்கள் பக்கத்தில் கை சிவக்காமல் இருக்காது. இலையை அரைத்து வைத்தால் இரவு முழுக்க இருந்து செம்மண் நிறத்தில் பிடிக்கும். அரை மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கிற கோனில் இருப்பது பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் போடும் பி.பி.டி என்ற பொருள். அது கொப்புளம் போடவைக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆயுளுக்கும் இருக்கும். பிள்ளைகளின் கையில் அதை வைக்க விடாதீர்கள்.

பாமசி

அழகில்லாத போத்தல்கள், வாசமும் இல்லை, விலையும் குறைவு. வஸலின் மண்ணெண்ணெய்க் குடும்பத்தில் பிறந்தது. இயற்கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தோலிலிருந்து தண்ணீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதற்கு நிகரானது அடுப்படியில் இல்லை, ஒவ்வாமை தருவதும் மிக அரிது. கச்சான் மாதத்தில் வெடித்த உதட்டுக்கும் குதிக்காலுக்கும் இரவில் பூசிவிட்டு, காலுக்கு ஒரு பழைய காலுறை. மூன்றாவது நாள் வித்தியாசம் தெரியும். கிளிசரினை அப்படியே பூசக்கூடாது, தண்ணீரோ பன்னீரோ இரண்டு பங்கு சேர்த்து, பூசும்போதெல்லாம் புதிதாகக் கலந்து பூச வேண்டும். தனியாகப் பூசினால் காய்ந்த காற்று நாளில் தோலின் அடியிலிருந்தே ஈரத்தை இழுக்கும். வேர்க்குருவுக்குக் கலமைன். தேமலுக்குக் கீற்றோகொனசோல் உள்ள ஷம்பு, பாமசிக்காரரிடம் எத்தனை நிமிடம் வைத்துக் கழுவுவது என்று கேட்டுப் பூசுங்கள். இவ்வளவுதான்.

சுகத்தில் இதற்குப் புள்ளி குறைவு. வேலை செய்வதில் குறைவில்லை.

அடுப்படியால் முடியாத ஒன்று: வெயில்

முகத்தில் கறை, வயதுக்கு முந்திய சுருக்கம், மங்கு, இவற்றில் பெரும்பங்கு வெயிலால் வருவது. இதை நிறுத்தாமல் இரவில் எதைப் பூசினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுகிற வேலைதான். சந்தனமும் மஞ்சளும் வெயிலைத் தடுக்காது. தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடுக்கும் என்று சொல்வார்கள், ஆய்வுகூடத்தில் அளந்தால்கூட அதன் எஸ்.பி.எஃப், அதாவது வெயிலைத் தடுக்கும் அளவு, ஒற்றை இலக்கம்தான். சன் கிரீமில் எஸ்.பி.எஃப் 30 என்றால் தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் ஏறக்குறைய 97 வீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. ஆகவே 50க்காகக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை, 30ஐப் போதிய அளவு பூசினால் சரி. போதிய அளவு என்றால் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். நாங்கள் பூசுவது அதில் கால்வாசிதான். வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

இயற்கைக்கு நெருக்கமானது வேண்டும் என்றால் துத்தநாக ஒக்சைட் உள்ளது இருக்கிறது, தோலை உறுத்தாது. ஆனால் எங்கள் நிறத்துக்குச் சாம்பல் பூசினதுபோல வெள்ளையாகத் தெரியும், வியர்வையில் வழியும். அதை வாங்கிவிட்டு, பூச வெட்கப்பட்டு வீட்டிலேயே விட்டுப் போவதைவிட, தெளிவான ஜெல் வகை ஒன்றை வாங்கித் தினமும் பூசுவது எவ்வளவோ மேல்.

மறக்கக்கூடாத இன்னொரு சாமான் குடை. அம்மா அறுபத்தெட்டு வயதிலும் குடையில்லாமல் படலையைத் தாண்டமாட்டார். அவருடைய கன்னத்தில் ஒரு கறை கிடையாது. பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ ஒரு பகல் நின்றால் மட்டும் குடை போதாது. காய்ந்த மணல் ஏறக்குறைய 15 வீதக் கதிரைத் திருப்பி அடிக்கும், கடல் நுரை 25 வீதம். நிழலில் உட்கார்ந்திருந்தும் கறுத்துப்போய் வருவது அதனால்தான்.

ஒப்பிடவே கூடாதது

ஏழு நாளில் வெள்ளையாக்கும் கிரீம்களை நான் எந்தத் தட்டிலும் வைத்து நிறுக்கமாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை கலியாணத்துக்கு முன் அப்படி ஒன்றைப் பூசினாள். முதலில் பளபளத்தது. நிறுத்தியதும் கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, வெயிலில் நிற்க முடியாமல் போனது. இப்படிப்பட்ட கிரீம்கள் சிலவற்றில் இருப்பது பாதரசம், வேறு சிலவற்றில் ஸ்டெரொயிட். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும், பூசினவருடைய துவாயாலும் கையாலும் குழந்தைக்கும் போகும். இலங்கையும் சேர்ந்துள்ள மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை 2020இற்குள் ஒழிக்கச் சொன்னது அது. ஆனாலும் தயாரித்தவர் முகவரியோ சேர்மானமோ இல்லாத டப்பாக்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பட்டியலில் மெர்க்குரி, கலோமெல் என்று கண்டாலோ, தங்க நகையில் படக்கூடாது என்று எழுதியிருந்தாலோ கீழே வைத்துவிடுங்கள். பிள்ளைகளே, உங்கள் நிறத்தில் ஒரு குறையும் இல்லை. அதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

யாருக்கு எது

பெறாமகளுக்கு இருபத்திரண்டு வயது, முகத்தில் எண்ணெய் வழியும், தினமும் காலையும் மத்தியானமும் பஸ் தரிப்பில் வெயிலில் நிற்கிறாள். அவளுடைய மூவாயிரத்தில் பெரும்பங்கு சன் கிரீமுக்குப் போகட்டும் என்றேன். ஜெல் வகை, வாசனை இல்லாதது, முதலில் சின்ன அளவு. முகம் கழுவ அம்மாவின் பயற்றம் மா, காசில்லை. மூலிகைக் கிரீமை முடியும்வரை கைகாலுக்குப் பூசட்டும், திரும்ப வாங்க வேண்டாம். வஸலின் உதட்டுக்கும் குதிக்காலுக்கும். மீதிக் காசில் கிழமைக்கு ஒரு சின்னச் சட்டித் தயிர், பாதி முகத்துக்கு, பாதி சீனி போட்டுச் சாப்பிட.

என் அம்மாவுக்கு அதே திட்டம் பொருந்தாது. அவருடைய தோல் கடதாசிபோல மெலிந்துவிட்டது. அவருக்கு ஈரத் தோலில் தேங்காய் எண்ணெய், கச்சான் மாதத்தில் அதற்கு மேல் கொஞ்சம் வஸலின், சவர்க்காரம் கக்கத்துக்கு மட்டும். "மறுகா எனக்கு ஏன் புள்ள கிரீம்?" என்று கேட்பார், அவர் கேட்பது நியாயம்தான். மழை தொடங்கியதும் எண்ணெயைக் குறைத்துவிடுகிறோம்.

நான் இரண்டுக்கும் நடுவில். முகத்துக்குச் சன் கிரீம், இரவில் வாசனையில்லாத ஒரு கிளிசரின் கிரீம், சனிக்கிழமை தயிர்.

குழந்தைப் பிள்ளைகளுக்கும் வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கும் புதிதாக எதையும் பரீட்சித்துப் பார்க்காதீர்கள், இருப்பதைக் குறையுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நிற்கிற சொறி, பரவுகிற சிவப்பு, உணர்ச்சியற்ற வெள்ளைத் தேமல் என்றால் இந்த மூன்று வழியும் இல்லை. அரச வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள், காசு கேட்கமாட்டார்கள்.

நேற்று அவள் திரும்பவும் ஒரு படம் அனுப்பினாள். சன் கிரீமின் பின்பக்கம், பெரிதாக்கி எடுத்தது. "சின்னம்மா, வாசனை கடைசியில நிக்குது, வாங்கட்டா?" என்று கேட்டிருந்தாள். முதலில் முழங்கை மடிப்பில் இரண்டு நாள் பூசிப் பார், ஒன்றும் செய்யாவிட்டால் வாங்கு என்று எழுதினேன். வருகிற சனிக்கிழமை கல்லடிக்கு வருகிறாளாம். தயிர்ச் சட்டி அவளுடைய பொறுப்பு.